பாட்டுக்குப் படம்: மரபும் மாணவரும்

மரபு என்ற சொல்லைக் கேட்டவுடன் இளைஞர் சிலர் முகஞ்சுளிப்பர்; முதியோர் சிலர் தலைநிமிர்வர். முன்னவருக்கு அஃது ஒரு தளை. பின்னவருக்கு அஃது ஓர் அரண். ஆயினும் இருசாராரும் மரபை எப்பொழுதோ முற்றுப்பெற்றுக் கைக்கு வந்த ஒரு பொருளாகவே கொள்கின்றனர். அஃது எப்போது பிறந்தது, யாருடைய தேவையை நிறைவேற்றப் பிறந்தது என்று வினவுவோர் மிகச் சிலரே. அவ்வினாவை ஆராய்வதற்குக் காவியங்களையும் கோயிற் சிற்பங்களையும் தேடிச் செல்லவேண்டும் என்பதில்லை. மூன்று நிமிடப் பாட்டுக்கு மூன்று நிமிடப் படம் பிடிக்கும் இசைக்காணொளி என்னும் இளங்கலையே அதற்குப் போதிய சான்று தரும்.

இங்கிலாந்தின் உயர்தர வகுப்புகளில் ஊடகவியல் பயிலும் பதினாறு, பதினேழு வயது மாணவருக்கு ஒரு பயிற்சி நெடுங்காலமாக வழங்கிவந்திருக்கிறது. மாணவர் ஒரு பாடலைத் தேர்ந்து, அதற்கு ஒரு காணொளியைத் தாமே உருவாக்குதல் வேண்டும். றொக் பாடலாயின் றொக் இசைக்கு உரிய முறையிலும், ராப் பாடலாயின் ராப் இசைக்கு உரிய முறையிலும் அஃது அமைதல் வேண்டும். இதனைக் கேள்வியுறும் பெற்றோருக்கு இரண்டு ஐயங்கள் எழுவது இயல்பு. பாட்டுக்குப் படம் பிடிப்பது பாடசாலையில் செய்யத்தக்க வேலையா என்பது ஒன்று. பிறர் வகுத்த முறையைப் பார்த்து அவ்வாறே செய்வது கல்வியாகுமா என்பது மற்றொன்று. இவ்விரண்டு ஐயங்களுக்கும் விடை அக்கலையின் வரலாற்றிலேயே இருக்கிறது.

வகைமரபு என்பது யாது என்பதைத் தமிழ் கற்றோருக்கு விளக்குதல் எளிது. தொல்காப்பியர் காலந்தொட்டு நம் செய்யுளியலார் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றனர். மரம், பறவை, பறை, யாழ் ஆகியவற்றைக் கருப்பொருள் என்றனர். உள்ளத்து ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றனர். மலையும் கூதிர்ப்பொழுதும் யாமமும் வந்தால், கேட்போன் உள்ளம் காதலர் கூடலை எதிர்பார்க்கும். புலவன் எல்லாவற்றையும் விரித்துரைக்க வேண்டுவதில்லை. மரபே பாதி சொல்லிவிடும். மேனாட்டு இசைக்காணொளியிலும் அவ்வாறே. இருள்சூழ்ந்த மேடையும் மின்கித்தாரும் வியர்வை வழியும் முகமும் தோன்றினால் றொக். நகரத்துத் தெருவும் சுவரெழுத்தும் தோழர் கூட்டமும் தோன்றினால் ராப். காண்போன் சில விநாடிகளிலேயே தான் நிற்கும் நிலத்தை அறிந்துகொள்கிறான். இந்த நிலங்கள் யாங்ஙனம் வகுக்கப்பட்டன என்பதே இனி நோக்கற்பாலது.

பாட்டையும் படத்தையும் இணைக்கும் முயற்சி தொலைக்காட்சிக்கு மட்டுமன்றித் திரைப்பட அரங்குகளுக்கும் முற்பட்டது. 1894ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பொத்தான் விற்ற எட்வேட் மார்க்ஸ் என்பவரும், கழுத்துப்பட்டி விற்ற ஜோசப் ஸ்ரேர்ண் என்பவரும் சேர்ந்து, காணாமற்போன குழந்தையொன்றைப் பற்றிய பாடலை இயற்றி வெளியிட்டனர். அதனைப் பரப்புதற்கு ஜோர்ஜ் தோமஸ் என்னும் மின்தொழிலாளர் ஒரு வழி கண்டார். பாட்டின் கதையை நடிகர்களைக் கொண்டு காட்சி காட்சியாகப் புகைப்படமெடுத்து, அவற்றைக் கண்ணாடித் தகடுகளில் பதித்து, பாடகர் பாடும்போது விளக்கொளியால் திரையில் வீழ்த்தினார். பாடலின் இசைக்குறித் தாள்கள் இருபது இலட்சத்துக்கும் அதிகமாக விற்பனையாயின என்பர். இதன்பின் இத்தகைய படப்பாடல்கள் அமெரிக்க அரங்குகளில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் செல்வாக்குடன் விளங்கின. இங்கே ஓர் உண்மையை மனத்திற் பதித்தல் நன்று. படம் பாட்டின் கதையைச் சொல்லவேண்டும் என்ற மரபு பிறந்த இடம் ஒரு வியாபாரியின் மேசை. விற்கவேண்டியது தாள், படம் அதன் விளம்பரம்.

அடுத்த மரபு உதட்டசைவு. பாடுவோர் முன்னரே பதிவுசெய்யப்பட்ட தம் குரலுக்கு ஏற்ப வாயசைத்து நடிப்பதே இது. 1927இல் வெளிவந்த ஜாஸ் சிங்கர் என்னும் படத்தின் பின்னர்த் திரைப்படம் பேசவும் பாடவும் தொடங்கிற்று. அக்காலத்திற் பாடலையும் படத்தையும் ஒரே வேளையிற் பதிவுசெய்தனர். கமராவின் இரைச்சல் ஒலிவாங்கியிற் புகாதிருக்க அதனை ஒரு கூட்டுக்குள் அடைத்துவைக்க வேண்டியிருந்தது. ஆதலால் அஃது ஓரிடத்தில் நின்றபடியே நோக்கியது. 1929இல் புரோட்வே மெலடி என்னும் படத்தை ஆக்கியபோது, ஒரு நடனக் காட்சி தயாரிப்பாளருக்கு நிறைவளிக்கவில்லை. காட்சியை மீளவும் படம்பிடிக்க வேண்டும். வாத்தியக் குழுவினரை மீளவும் அழைத்தாற் செலவு பெருகும். ஒலிப்பதிவுப் பொறுப்பாளரான டக்ளஸ் ஷியரர், பதிவான பாட்டு நன்றாகவே இருக்கிறது, அதனை ஒலிபெருக்கியில் இயக்கி அதற்கேற்ப ஆடச் செய்தாற் போதும் என்றார். சிக்கனத்துக்காகக் கண்ட அவ்வழி கமராவுக்குக் கால் கொடுத்தது. அன்று முதல் அது பாடுவோரைச் சுற்றிவரவும் மேலேறவும் கீழிறங்கவும் கற்றுக்கொண்டது.

அதே 1929இல் பெஸி ஸ்மித் என்னும் கறுப்பினப் பாடகி தோன்றிய சென் லூயிஸ் புளூஸ் என்னும் குறும்படம் வெளியாயிற்று. டட்லி மர்பி நெறிப்படுத்திய அப்படத்தில், கைவிடப்பட்ட பெண்ணொருத்தி மதுச்சாலையில் நின்று தன் துயரைப் பாடுகிறாள். பெஸி ஸ்மித் திரையில் தோன்றியது இவ்வொரு படத்தில் மட்டுமே. புளூஸ் இசை பிறந்த சூழலாகிய ஏழைகளின் இல்லமும் மதுக்கடையும் அவ்விசையின் நிலமாகத் திரையில் இதில் வரையப்பட்டன. இந்தியாவிலோ உதட்டசைவு மற்றொரு திசையில் வளர்ந்தது. 1935இல் கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தார் எடுத்த பாக்ய சக்ர என்னும் வங்கப் படத்திலும், அதன் இந்தி வடிவத்திலும் நிதின் போஸ் பின்னணிப் பாடலைப் புகுத்தினார். நடிப்பவர் ஒருவர், பாடுபவர் வேறொருவர் என்னும் ஏற்பாடு நம் மக்களின் திரையிசைக்கே அடித்தளமாயிற்று. மேனாட்டு இசைக்காணொளியில் அவ்வாறன்று. பாடியவரே முகங்காட்ட வேண்டும் என்பது அங்கே விதி. இரண்டும் ஒரே தொழில்நுட்பத்தின் பிள்ளைகள்; விற்கப்படும் பொருள் எது என்பதே அவற்றைப் பிரித்தது. இங்கே விற்றது திரைப்படம். அங்கே விற்றது பாடகரின் இசைத்தட்டு.

1940களின் தொடக்கத்தில் சிகாகோ நகரத்து மில்ஸ் நொவெல்டி நிறுவனத்தார் பனோரம் என்னும் பெட்டியை அறிமுகஞ் செய்தனர். மதுச்சாலையிலும் உணவகத்திலும் நின்ற அப்பெட்டியில் பத்துச் சத நாணயத்தை இட்டால், மூன்று நிமிடப் பாடற்படம் ஒன்று ஒளிரும். சவுண்டிஸ் என அழைக்கப்பட்ட இப்படங்கள் 1947 வரை ஏறத்தாழ 1,800 ஆக்கப்பட்டன. ஒரு சுருளில் எட்டுப் பாடல்கள் இருந்தன. காசு போட்டவர் விரும்பிய பாடலைத் தெரிந்தெடுக்க இயலாது, அடுத்து எது வருமோ அதனையே காணவேண்டும். டியூக் எலிங்ரன், பற்ஸ் வாலர், லூயிஸ் ஜோர்டன் முதலிய கறுப்பினக் கலைஞர்களின் ஆடலும் பாடலும் இன்றும் காணக்கிடைக்கின்றமைக்கு இப்பெட்டிகளுக்கு நன்றி கூறல் தகும். 1960இல் பிரான்ஸ் நாட்டில் ஸ்கோப்பிற்றோன் என்னும் வண்ணப்படப் பெட்டி தோன்றியது. அதில் 36 பாடல்களிலிருந்து வேண்டியதைத் தேரலாம். மதுச்சாலையின் சந்தடியில் ஒருவர் கண்ணை ஈர்க்கவேண்டுமாயின், படம் தொடங்கிய கணத்திலேயே கவர்ச்சி தோன்றவேண்டும். விரைந்த தொடக்கம், நெருங்கிய முகம், ஆடும் உடல் ஆகியன இவ்வாறு வழக்காயின.

1960களில் தேவை வேறு வடிவெடுத்தது. பீற்றில்ஸ் குழுவினரை எல்லா நாட்டுத் தொலைக்காட்சி நிலையங்களும் அழைத்தன. நால்வரும் எல்லாவிடத்தும் செல்லுதல் இயலாததாயிற்று. ஆதலின் தமக்குப் பதிலாகப் படங்களை அனுப்பினர். 1966ஆம் ஆண்டு மே மாதத்தில் லண்டன் சிசிக் மாளிகைத் தோட்டத்தில் மைக்கல் லின்ட்சே ஹொக் அவர்களைப் படம்பிடித்தார். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்துடன் அவர்கள் மேடைக் கச்சேரிகளை நிறுத்திக்கொண்டனர். 1967இல் பீற்றர் கோல்ட்மன் நெறிப்படுத்திய ஸ்ரோபெரி பீல்ட்ஸ் பாடலின் படத்தில் அவர்கள் பாடவுமில்லை, வாயசைக்கவுமில்லை. மேடையிற் காட்டவியலாத இசையை ஒலிப்பதிவுக் கூடத்தில் ஆக்கிய பின்னர், மேடையை நடித்துக் காட்டுதல் பொருந்தாதன்றோ? கனவுபோன்ற காட்சிகளை அடுக்கிச் செல்லும் கருத்துக்காணொளி என்னும் வகைக்கு இஃது ஒரு முன்னோடி.

இதற்கு ஈராண்டு முன்னர், 1965இல், பொப் டிலன் லண்டன் சவோய் விடுதியின் பின்புறத்துச் சந்தொன்றில் நின்றார். பாட்டின் சொற்கள் எழுதிய அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டிக் கீழே எறிந்தார், டி. ஏ. பென்னிபேக்கர் அதனைப் படம்பிடித்தார். 1967இல் வெளியான ஆவணப்படமொன்றின் முகப்பாக அக்காட்சி அமைந்தது. ஒரு சந்து, சில மனிதர், சில அட்டைகள், அசையாத கமரா ஆகியவை தவிர வேறொன்றும் அதில் இல்லை. பணமில்லாத மாணவருக்கு இதனினும் சிறந்த ஆறுதல் கிடைத்தல் அரிது.

1975 ஒக்டோபரில் குயின் குழுவினர் பொஹீமியன் ரப்சொடி என்னும் ஆறு நிமிட அளவினதாகிய பாடலை வெளியிட்டனர். பி.பி.சி. தொலைக்காட்சியின் வாராந்த இசை நிகழ்ச்சியில் நேரிற் தோன்ற அவர்களுடைய இசைப்பயணம் இடந்தரவில்லை. மேலும் பல குரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பதித்த அப்பாடலை நால்வர் மேடையில் நின்று பாடிக்காட்டுதலும் எளிதன்று. புரூஸ் கவர்ஸ் என்பவர் எல்ஸ்ரீ படப்பிடிப்பு நிலையத்தில் ஏறத்தாழ நான்கு மணி நேரத்திற் படத்தை எடுத்துமுடித்தார். இருளினின்று நான்கு முகங்கள் எழும் அதன் புகழ்பெற்ற காட்சி, முந்திய ஆண்டில் வெளிவந்த அவர்களது இசைத்தட்டு உறையின் புகைப்படத்தைத் தழுவியது. பாடல் ஒன்பது வாரங்கள் பிரித்தானிய வரிசையில் முதலிடத்தில் நின்றது. பாட்டு விற்பனைக்குப் படம் இன்றியமையாதது என்பதை இசைத்தட்டு நிறுவனங்கள் அதன்பின் ஐயமின்றி உணர்ந்தன.

இவ்வாறு தனித்தனித் தேவைகளாற் பிறந்த வழக்கங்கள் சட்டம்போல் இறுகியது 1981இல். அவ்வாண்டு ஓகஸ்ட் முதலாந் திகதி நள்ளிரவு கடந்ததும் அமெரிக்காவில் எம்.ரி.வி. என்னும் அலைவரிசை தொடங்கியது. இரவும் பகலும் இசைக்காணொளியே அதன் தொழில். வானொலிக் கலைஞரைக் காணொளி கொன்றுவிட்டது என்னும் கருத்தமைந்த பகிள்ஸ் குழுவினரின் பாடலே முதலில் ஒளிபரப்பாயிற்று. பாடல் 1979இல் வெளிவந்தது. அதன் படத்தை ரசல் மல்காஹி எடுத்திருந்தார். வானொலி மாயவில்லை என்பதற்கு அதனை நாள்தோறும் கேட்போரே சான்று. ஆயினும் பாட்டைக் கேட்ட மனம் தன் விருப்பம்போற் காட்சியைப் படைத்துக்கொண்ட உரிமை அன்று சிறிது குறைந்தது என்பதை மறுத்தல் இயலாது.

நாள் முழுவதும் காணொளி ஓடும்போது, ஒன்றிலிருந்து மற்றொன்றை வேறுபடுத்தவும், ஓரினத்தனவற்றை ஒன்றுசேர்க்கவும் அடையாளங்கள் வேண்டப்பட்டன. 1992இல் அன்ட்ரூ குட்வின் என்னும் அறிஞர் எம்.ரி.வி.யையும் காணொளியையும் பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்டார். அவ்வாராய்ச்சியிலிருந்து ஆசிரியர் திரட்டி வகுப்பறைக்குக் கொண்டுசென்ற கூறுகள் ஆறு. ஒவ்வோர் இசைவகைக்கும் உரிய தோற்றங்கள் உண்டு. பாட்டின் சொல்லுக்கும் காட்சிக்கும் உறவு உண்டு. இசைக்கும் காட்சிக்கும் உறவு உண்டு. இசைத்தட்டு நிறுவனத்தின் தேவைக்காகக் கலைஞரின் முகம் அடிக்கடி அண்மையிற் காட்டப்படும். பார்த்தல் என்ற செயலே, சிறப்பாகப் பெண்ணுடலைப் பார்த்தல், காட்சியில் இடம்பெறும். பிற படங்களையும் பாடல்களையும் நினைவூட்டும் குறிப்புகள் வரும். இவ்வாறினையும் முன்னர்க் கூறிய வரலாற்றோடு ஒப்பிட்டால், ஒவ்வொன்றும் ஒரு காலத்து அவசியத்தின் எச்சம் என்பது புலனாகும்.

மரபு வழிகாட்டுவது போலவே வேலியாகவும் நிற்கக்கூடும். எம்.ரி.வி. தொடங்கிய காலத்தில் அது றொக் இசை வானொலி நிலையங்களைத் தன் முன்மாதிரியாகக் கொண்டது. றொக் அல்லாதது தம் வகையைச் சேராது என்ற காரணத்தாற் கறுப்பினக் கலைஞர் பெரும்பாலும் விலக்கப்பட்டனர். ரிக் ஜேம்ஸ் என்னும் கலைஞர் தம் காணொளி மறுக்கப்பட்டதை வெளிப்படையாகக் கண்டித்தார். 1983இல் அவ்வலைவரிசைக்கே செவ்வியளித்த டேவிட் போவி, கறுப்பினக் கலைஞரை ஏன் இத்துணை அரிதாக, அதுவும் நள்ளிரவுக்குப் பிந்திய நேரங்களிற் காட்டுகிறீர்கள் என நேரே வினவினார். அறிவிப்பாளர் தூர நகரங்களின் இரசிகர் விருப்பத்தைக் காரணங்காட்டினார். போவி அதனை ஏற்கவில்லை. வெள்ளையரான அக்கலைஞருக்கு அக்கேள்வியாற் கிடைக்கும் இலாபம் ஒன்றுமில்லை. அதனாலேயே அதன் கனம் மிகுதி. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் மைக்கல் ஜாக்சனின் பில்லி ஜீன் ஒளிபரப்பாயிற்று. டிசம்பரில் ஜோன் லாண்டிஸ் நெறிப்படுத்திய திறில்லர் வந்தது. ஏறத்தாழப் பதினான்கு நிமிடம் நீளும் அப்படம் பேய்ப்படங்களின் மரபை முற்றுமுழுதாகக் கைக்கொண்டது: முழுநிலவு, மயானம், எழும் பிணங்கள், அச்சுறுத்தும் குரல். பழைய மரபொன்றைப் புதிய இடத்திற் பொருத்தியதன் வாயிலாக மற்றொரு மரபின் வேலி தாண்டப்பட்டது. 2009இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்ற முதல் இசைக்காணொளி அதுவே.

ராப் இசையின் தெருவும் இவ்வாறு பொருள் பொதிந்ததே. 1982இல் வெளிவந்த த மெசேஜ் என்னும் பாடலின் காணொளி நியூயோர்க்கின் வறிய தெருக்களைக் காட்டிற்று. அங்கே வாழ்ந்தோர் தம் வாழ்வைத் தம் வாயாற் சொன்ன பாடலுக்கு அத்தெருவே உரிய நிலம். 1988இல் எம்.ரி.வி. ராப் இசைக்கெனத் தனி நிகழ்ச்சியொன்றைத் தொடங்கியது. அடுத்த ஆண்டில் ஸ்பைக் லீ புறூக்ளினில் ஊர்வலமொன்றை நடாத்தி ஃபைற் த பவர் என்னும் பாடலுக்குப் படமெடுத்தார். இவ்வரலாற்றை அறியாத ஒருவர் எங்கேனும் ஒரு சுவரில் வண்ணம் பூசி அதன் முன் தோழரை நிறுத்திவிட்டால், அது ராப் காணொளியின் உடையை மட்டுமே அணிந்திருக்கும்.

இனி, இப்பயிற்சி பாடசாலைக்குள் வந்த வரலாற்றைப் பார்ப்போம். 1933இல் எஃப். ஆர். லீவிஸும் டெனிஸ் தொம்சனும் எழுதிய நூலொன்று, விளம்பரமும் மலிவான கேளிக்கையும் மாணவரின் சுவையைக் கெடுக்கின்றன, அவற்றை எதிர்த்து நிற்க ஆசிரியர் பயிற்றவேண்டும் என்றது. அவர்கள் நோக்கிற் பாடசாலை ஒரு தடுப்புமருந்துச் சாலை. ஐம்பதாண்டு கழிந்து, 1980களில் லென் மாஸ்ரர்மன் ஊடகங்களை ஆராய்தற்குரிய பாடப்பொருளாக ஏற்றார். ஆயினும் அவருக்கும் ஓர் அச்சம் இருந்தது. மாணவர் கமராவை ஏந்தித் தொழில்முறையாளரைப் பார்த்துச் செய்யத் தொடங்கினால், கருவிப் பழக்கமே கல்வியாகிவிடும், ஆராயும் அறிவு மழுங்கும் என எச்சரித்தார். 1990களில் டேவிட் பக்கிங்ஹாம் முதலியோர் இதற்கு மறுமொழி கூறினர். இளையோர் பார்த்துச் செய்யும்போது வெறுமனே படியெடுப்பதில்லை. கேலி செய்கின்றனர், மாற்றுகின்றனர், தம் உள்ளத்தைப் புகுத்துகின்றனர். செய்தபின் அதனைப் பற்றிச் சிந்திக்கவைத்தால் அதுவே ஆராய்ச்சி என்பது அவர்தம் கொள்கை.

2000ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் ஓ.சி.ஆர். என்னும் ஆங்கிலத் தேர்வுச் சபையின் பாடத்திட்டம் இவ்விரு கருத்துகளையும் ஒருவாறு இணைத்தது. இசைக்காணொளியை ஆக்கிய மாணவர் அதனோடு நின்றுவிட முடியவில்லை. தம் ஆக்கம் உண்மை ஊடகங்களின் மரபுகளை எவ்விதங்களிற் கைக்கொண்டது, எவ்விதங்களில் வளர்த்தது, எவ்விதங்களில் எதிர்த்தது என்பதற்கு விடையெழுத வேண்டியிருந்தது. கைக்கொள்ளல், வளர்த்தல், எதிர்த்தல் என்னும் இம்மூன்று வினைகளுள் பயிற்சியின் பயன் முழுவதும் அடங்கும். கைக்கொள்ளாத ஒன்றை வளர்த்தல் இயலாது. அறியாத ஒன்றை எதிர்த்தலும் இயலாது.

மாணவர் வேலை செய்யும் முறையை நோக்கினால் இவ்வுண்மை மேலும் தெளிவாகும். அவர்கள் முதலிற் செய்வது கேட்டல். பாடலைப் பலமுறை கேட்டு, தொடக்க இசை, சரணம், பல்லவி, இடையிசை எனப் பிரித்து, ஒவ்வொன்றும் எத்தனை விநாடி என்று தாளிற் குறிக்கின்றனர். பின் அவ்வகைக் காணொளிகள் சிலவற்றை எடுத்து, எத்தனை அண்மைக்காட்சி, எத்தனை சேய்மைக்காட்சி, எங்கே வெட்டு விழுகிறது என எண்ணுகின்றனர். அதன்பின் காட்சிகளைக் கட்டங்கட்டமாக வரைந்து திட்டமிடுகின்றனர். படம்பிடிக்கும் நாளிற் பாட்டை ஒலிபெருக்கியில் இயக்கி, பாடுவோராக நடிப்பவரை உரத்த குரலிற் பாடச் செய்கின்றனர். வாயை மட்டும் அசைத்தாற் கழுத்து நரம்பு எழாது, மூச்சு ஏறாது. பொய் உடனே வெளிப்பட்டுவிடும். முழுப்பாடலையும் ஒரு கோணத்திற் பிடித்து, மீளவும் வேறொரு கோணத்தில், மீளவும் மற்றொன்றில் எனப் பிடித்தால், தொகுக்கும்போது எந்த விநாடியிலும் விரும்பிய முகத்துக்கு மாறலாம்.

படத்தொகுப்பிற் கணக்கும் தாளமும் சந்திக்கின்றன. நிமிடத்துக்கு 120 தாள அடிகள் கொண்ட பாடலில் ஓர் அடி அரை விநாடி. நான்கு அடி கொண்ட ஆவர்த்தம் இரண்டு விநாடி. மூன்று நிமிடப் பாடலில் 90 ஆவர்த்தங்கள். பிரித்தானியத் தொலைக்காட்சியின் முறைப்படி விநாடிக்கு 25 சட்டகங்கள் எனின், ஓர் அடிக்குப் பன்னிரண்டரைச் சட்டகம். அரைச் சட்டகத்தில் வெட்டுதல் இயலாதாகையால் பன்னிரண்டும் பதின்மூன்றுமாக மாறிமாறிக் கொள்ளவேண்டும். ஒவ்வோர் அடியிலும் வெட்டினாற் கண் களைத்துப்போகும். ஓரிடத்திலும் தாளத்தோடு வெட்டாவிடிற் படம் பாட்டைவிட்டு விலகும். எங்கே தாளத்தைத் தழுவுவது, எங்கே தாண்டுவது என்ற இந்த முடிவை எந்த நூலும் மாணவருக்காக எடுத்துத் தராது. மிருதங்கம் பயிலும் சிறுவன் பாடங்கேட்ட சொற்கட்டைப் பல்லாண்டு வாசித்த பின்னரே தன் மனோதர்மத்தைக் காணுகிறான் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

எதிர்த்தலுக்கும் ஓரிடம் உண்டு. 1975இல் லோரா மல்வி என்னும் அறிஞர், திரைப்படக் கமரா பெரும்பாலும் ஆணின் கண்ணாக நின்று பெண்ணைக் காட்சிப்பொருளாக்குகிறது எனக் கட்டுரை வரைந்தார். பொப் இசைக்காணொளிகள் பலவற்றில் அவ்வழக்கம் மரபென்ற பெயரிலேயே தொடர்ந்துவந்துள்ளது. வகைமரபைப் பின்பற்றவேண்டும் என்று பணிக்கப்பட்ட மாணவி ஒருத்தி, அத்தகைய காட்சிகளைத் தன் தோழியரைக் கொண்டு தானும் எடுக்கவேண்டுமா? வேண்டுவதில்லை. தேவையாற் பிறந்த மரபு எது, அதிகாரத்தாற் திணிக்கப்பட்ட வழக்கம் எது என்று பிரித்தறியும் அறிவே இங்கே கல்வியின் பெறுபேறு. 1983இல் போவி எழுப்பிய வினாவும், இம்மாணவி எழுப்பவேண்டிய வினாவும் ஒன்றே: இவ்வழக்கத்தால் வெளியே நிறுத்தப்படுவோர் யார், தாழ்த்தப்படுவோர் யார்?

மரபுக்குள் நின்றே புதுமை காணலாம் என்பதற்கு இரு சான்றுகள் போதும். 1991இல் சாமுவேல் பேயர் எடுத்த நிர்வானா குழுவினரின் காணொளி ஒரு பாடசாலை உடற்பயிற்சிக் கூடத்தில் நிகழ்கிறது. குழுவினர் வாசிக்கின்றனர், இளைஞர் பார்க்கின்றனர். றொக் காணொளியின் மிகப் பழைய அமைப்பு அது. இறுதியிற் பார்ப்போர் எழுந்து கூடத்தையே குலைக்கின்றனர். பார்ப்போருக்கும் வாசிப்போருக்கும் இடையிலிருந்த எல்லை அழிகிறது. 2006இல் ஓகே கோ குழுவினர் எட்டு உடற்பயிற்சி ஓட்டப்பொறிகளை வரிசையாக வைத்து, அவற்றின்மேல் ஆடி, வெட்டே இல்லாத ஒரே காட்சியாகப் பதிவுசெய்தனர். பாடகரின் சகோதரியாகிய ரிஷ் சீ நடனத்தை அமைத்தார். விரைந்து வெட்டவேண்டும் என்ற மரபை அவர்கள் முற்றாகக் கைவிட்டனர். உடலசைவு இசையைத் தழுவவேண்டும் என்ற மரபை விடாது பற்றினர். இணையத்தின் வழியே அது உலகெங்கும் பரவியது. 2007இல் கிராமி விருதும் பெற்றது. பெருஞ்செலவு எதுவுமின்றி, ஒத்திகையே முதலாக நின்ற வெற்றி அது.

எனவே முன்னர் எழுந்த ஐயங்கள் இரண்டுக்கும் விடை கூறலாம். பாட்டுக்குப் படம் பிடிப்பது பாடசாலைக்குத் தக்க வேலையே. அதில் வரலாறும் கணக்கும் இசையும் ஒழுக்கமும் ஒருங்கே பயிலப்படுகின்றன. பிறர் வகுத்த முறையிற் செய்வதும் கல்வியே. ஆயின் அம்முறை ஏன் வந்தது என்ற வினா கூடவே நடக்கவேண்டும். பொத்தான் வியாபாரியின் விளம்பரமும், ஒலிப்பதிவாளரின் சிக்கனமும், ஊர்செல்ல இயலாத பாடகரின் பதிற்படமும் சேர்ந்து ஒரு கலையின் இலக்கணமாயின. இன்று ஏதோவொரு வகுப்பறையிற் பணமும் கருவியும் போதாமல் ஒரு மாணவர் கண்டுபிடிக்கும் குறுக்குவழி, நாளை ஒரு மரபாகலாம். தம் வழியைப் பின்பற்ற வருவோருக்கு அது பாதையாக அமையுமா, வேலியாக அமையுமா என்று சிந்திக்கும் பொறுப்பு அம்மாணவருக்கும் உண்டு. அவருக்குக் கற்பிக்கும் ஆசிரியருக்கும் உண்டு.